க்ஷம: ஒரே சொல், இரண்டு சுமை

வித்துராவின் மலையடிவாரத்தில் ஜெபமும் லத்தியும் சந்தித்தன. பொறுமை என்றால் என்ன என்ற பழைய கேள்வி அதன் பிறகும் தீரவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோ மீட்டர் வந்து வித்துரா கடைவீதியைத் தாண்டியதும், பயணிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கூட்டம் 22 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு பொன்முடியின் குளிரைத் தேடிப் போகிறது. இன்னொரு கூட்டம் போணக்காடு பக்கம் திரும்புகிறது. இந்த இரண்டாவது கூட்டத்தில் பல ரகம் உண்டு. தமிழ் முனிவர் அகத்தியர் இருப்பதாக நம்பப்படும் 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்தில் ஏற வருகிறவர்கள், பாழடைந்த எஸ்டேட் பங்களாவில் பேய் தெரிகிறதா என்று பார்க்க வரும் கல்லூரி இளைஞர்கள், விரலில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு குரிசுமலையை நோக்கி நடக்கும் கத்தோலிக்கர்கள்.

மூன்றாவது ரகத்தினர் பல பத்தாண்டுகளாக இந்த வழியில் வந்தவர்கள். தவக்காலத்தில் கூட்டம் பெருகும். மலை மேல் கோயில் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. சிலுவைகள், ஒரு பலிபீடம், மரங்கள், அட்டை, காற்று. 2017 ஆகஸ்டில் அங்கிருந்த கான்கிரீட் சிலுவைகள் உடைந்து கிடந்தன. நெய்யாற்றின்கரை லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டம் கொதித்தது. இது வனத்துறையின் நிலம், புதிய கட்டுமானம் கூடாது என்பது அரசுத் தரப்பின் நிலை. ஆக்கிரமிப்பு என்றன இந்து அமைப்புகள். கான்கிரீட்டுக்குப் பதில் ஒரு மரச்சிலுவை நடப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் அதுவும் சிதைந்தது. இடி விழுந்தது என்றது ஒரு தரப்பு, சதி என்றது மறு தரப்பு.

2018 ஜனவரி 5. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, இயேசுவின் திரு இருதயத்துக்கென்று கத்தோலிக்கர்கள் ஒதுக்கும் நாள். மலையை நோக்கி ஜெபித்துக்கொண்டே சென்ற ஊர்வலத்தைப் போலீஸ் தடுத்தது. தள்ளுமுள்ளு, கல்வீச்சு பற்றிய குற்றச்சாட்டு, லத்தியடி. பலர் காயமடைந்தார்கள். அடுத்து வந்த நாட்களில் மறைமாவட்டத்தின் கோயில்களில் பிஷப்பின் கண்டனச் சுற்றுமடல் வாசிக்கப்பட்டது.

மன அமைதிக்காகவும் பொறுமைக்காகவும் ஜெபிக்கப் புறப்பட்டவர்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். அன்று மாலை வீட்டில் என்ன ஜெபித்திருப்பார்கள்? செய்தித்தாள்கள் இந்தக் கேள்விக்குப் போகவில்லை. யார் முதலில் கல்லெறிந்தது என்பதோடு அவற்றின் அக்கறை முடிந்துவிட்டது.

கேரள வீடுகளில் மாலை ஜெபம் விளக்கு வைத்த பிறகு தொடங்கும். பாய் விரித்து, சிலுவைப் படத்துக்கு முன்னால் எல்லோரும் முழங்காலிட வேண்டும். மாணவனுக்குப் பரீட்சை, தகப்பனுக்கு முதுகுவலி, தாய்க்கு அடுப்பில் கஞ்சி. எதுவும் சாக்கல்ல. ஜெபமாலையைக் கேரளத்தில் 'கொந்த' என்கிறார்கள். மணி என்று பொருள்படும் போர்ச்சுக்கீசியச் சொல் மருவி அப்படி ஆயிற்று. ஒரு முறை முழுதாகச் சொன்னால் மரியாளுக்கான வாழ்த்து 53 முறை வரும். பத்தாவது முறை வரை மனம் ஓடிக்கொண்டிருக்கும். இருபதாவது முறையில் சலிப்பு தட்டும். முப்பதுக்குப் பிறகு உதடு தானாக அசைய, மூச்சு சீராகிவிடும். குழந்தைகள் தூங்கிவிடுவதும் அப்போதுதான்.

இந்த மூச்சு விவகாரத்தை இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு சோதித்துப் பார்த்தது. 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு அது. 23 பேரை லத்தீன் மொழியில் மரியன்னை ஜெபத்தையும், 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்தையும் மாறி மாறிச் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 என்ற அளவுக்கு இறங்கியது. இதயத் துடிப்பின் ஒழுங்குக்கும் இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் ஏற்பாட்டுக்கும் அந்த வேகம் நன்மை செய்தது. ஜெபமாலை ஐரோப்பாவுக்குக் கிழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்று பேசுகிறவர்களுக்கு இந்த ஆய்வு இனித்தது. மதத்துக்கு மதம் சண்டை போடுகிறவர்களுக்கு இனித்திருக்காது.

ஆனால் அறிவியலைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அதன் மற்ற வாக்குமூலத்தையும் கேட்க வேண்டும். 2006-ல் ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சன் குழு வெளியிட்ட முடிவு வேறு மாதிரி. இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்காக முன்பின் தெரியாதவர்கள் ஜெபித்தார்கள். பலன் எதுவும் தெரியவில்லை. தங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்தது. ஜெபம் உண்டா இல்லையா என்று தெரியாத இரு பிரிவுகளிலும் அது 51, 52 சதவீதம்தான். 'எனக்காக ஜெபிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை மோசமா?' என்ற கவலை காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஊகித்தார்கள். ஜெபம் வெளியுலகை மாற்றுகிறதா என்பதை எண்ணிக்கையால் நிறுவ முடியாது போலிருக்கிறது. ஜெபிக்கிறவரை அது என்ன செய்கிறது என்பதுதான் பேசத் தகுந்த விஷயம்.

அங்கே மொழி கொஞ்சம் உதவுகிறது. மலையாளத்தில் பொறுமைக்கு 'க்ஷம' என்று பெயர். மன்னிப்பதற்கும் அதே சொல்தான். 'க்ஷமிக்கணம்' என்று ஒருவர் சொன்னால் கொஞ்சம் காத்திருங்கள் என்றும் கொள்ளலாம், மன்னித்துவிடுங்கள் என்றும் கொள்ளலாம். மலையாள பைபிளில் ஆவியின் கனிகளை வரிசைப்படுத்தும் இடத்தில் 'தீர்க்கக்ஷம' என்று வருகிறது. நம் பழைய தமிழ் பைபிளில் அதுவே 'நீடிய பொறுமை'. தமிழும் இதில் இளைத்ததல்ல. நம்முடைய 'பொறு' என்ற வினைக்குக் காத்திரு, தாங்கு, மன்னி என்று மூன்று வேலை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் சொல்லிவந்த ஆண்டவர் கற்பித்த ஜெபத்தின் பழைய வடிவத்தில் பாவமன்னிப்பைக் கேட்கும் இடத்தில் இந்த வினைதான் நின்றது. புராட்டஸ்டண்டுகள் அதே இடத்தில் 'மன்னியும்' என்கிறார்கள். ஜெபம், செபம் என்று முதல் எழுத்தில் பிரிந்துகொண்ட மாதிரியே இதிலும் பிரிந்துகொண்டார்கள்.

'பொறை' என்றால் சுமை என்றும் பொருள். திருக்குறளின் பொறையுடைமை அதிகாரத்தைப் படிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பழைய திருவிதாங்கூர்ச் சாலைகளில் தலைச்சுமைக்காரர்கள் பிறர் உதவியில்லாமல் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ள நெஞ்சளவுக்குக் கற்கள் நட்டிருப்பார்கள். மலையாளத்தில் அத்தாணி, தமிழில் சுமைதாங்கி. அதில் இறக்கி வைப்பதால் சுமை குறையாது. மறுபடி தூக்கத்தான் வேண்டும். அன்றாட ஜெபத்தைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் சொல்லும் விளக்கங்களைவிட இந்தக் கல் கூடுதலாகச் சொல்கிறது.

போணக்காட்டில் சுமை எதுவென்று கேட்க வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம். நிர்வாகம் கைவிட்ட பிறகு தொழிற்சாலை துருவும் உடைந்த கண்ணாடியுமாக நிற்கிறது. 'லயம்' எனப்படும் வரிசை வீடுகள் ஒழுகுகின்றன. சம்பள பாக்கி, பிராவிடண்ட் பண்ட், பணிக்கொடை என்று வர வேண்டியவற்றின் பட்டியலோடு தொழிலாளர்கள் வருடக் கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். கேரளத்துச் சுற்றுலாப் பயணிக்கு இது 'பேய் பங்களா' உள்ள ஊர். இங்கே பயமுறுத்துவது வராத சம்பளம் என்பதைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவர்களிடம் போய்ப் பொறுமையாக இருங்கள், ஜெபியுங்கள் என்று உபதேசிப்பது சுலபம். அதனால்தான் அது ஆபத்தானதும்கூட. ஏழைக்குப் பொறுமையையும் பணக்காரருக்கு நிலத்தையும் பங்கிட்டுக் கொடுத்த மதவாதிகளுக்கு எந்த மதத்திலும் பஞ்சமில்லை. கிறிஸ்தவமும் விலக்கல்ல.

'யோபுவின் பொறுமை' என்று ஒரு வழக்கு உண்டு. யோபு புத்தகத்தில் 42 அதிகாரங்கள். முதல் இரண்டில்தான் அவர் நாம் நினைக்கிற பொறுமைசாலி. ஆடுமாடு போயிற்று, பிள்ளைகள் போனார்கள், உடம்பெல்லாம் புண். வாய் திறக்கவில்லை. மூன்றாவது அதிகாரத்தில் பிறந்த நாளையே சபிக்கிறார். அதன் பிறகு கடவுளை வழக்காட அழைக்கிறார், சாட்சி கேட்கிறார், குமுறுகிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள்தான் பக்தியோடு பேசுகிறார்கள். 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அடங்கி ஜெபி' என்பது அவர்கள் பேச்சின் சாரம். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்களிடம். யோபு பேசியதே சரி என்று தீர்ப்பாகிறது. இந்தக் கட்டத்தைப் பிரசங்கத்தில் கேட்கும் வாய்ப்பு அரிது.

இதே யோபுவின் கதைதான் இந்தப் பகுதியின் மிகப் பெரிய கிறிஸ்தவ வாழ்க்கை ஒன்றையும் தொடங்கி வைத்தது. 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரி. விளைச்சலும் கால்நடைகளும் அடுத்தடுத்து அழிந்து மனம் நொந்திருந்தவருக்கு, 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டு பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் சேர்ந்த டச்சுக்காரர் டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழி வந்த செய்தி. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்பதற்குத் தமிழாக்கமாகத் தேவசகாயம் என்ற பெயர். 1749-ல் கைது. எருமை மேல் பின்புறமாக உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள் என்கிறது மரபு. 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர். சாதிப் பெயரான 'பிள்ளை'யை அந்த அறிவிப்பிலிருந்து நீக்கச் சொல்லி எழுந்த குரலுக்கு வத்திக்கான் செவிசாய்த்தது என்பது ஒரு கிளைச் செய்தி. சிறையிலிருந்த மூன்று ஆண்டுகளில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். சொல்லவில்லை. இதைப் பொறுமை என்பதா, பிடிவாதம் என்பதா? அரண்மனை இரண்டாவது சொல்லைத்தான் பயன்படுத்தியிருக்கும்.

தேவசகாயத்துக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து சேர்ந்தார். லண்டன் மிஷன் வேலை தொடங்கியது. அந்தச் சபைகளின் பெண்கள்தான் தோள்சீலைப் போராட்டத்தில் முன்னே நின்றார்கள். ஜெபக்கூட்டமும் நடந்தது, மனுக்களும் பறந்தன. 1859 ஜூலையில் நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசாணை வந்தது. வித்துராவைச் சுற்றியுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்த வரலாற்றின் வாரிசுகள் இருக்கிறார்கள். முழங்காலிடுவதும் மனுப் போடுவதும் எதிரெதிரானவை என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வித்துரா மரச்சிலுவை சிதைந்த அதே வாரத்தில், 2017 நவம்பர் 30 அன்று, இதே மாவட்டத்தின் கடற்கரையை ஒக்கி புயல் தாக்கியது. எச்சரிக்கை வருவதற்குள் விசைப்படகுகள் ஆழ்கடலில் இருந்தன. பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர், எல்லை தாண்டிக் கன்னியாகுமரியின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை. தூத்தூர் வட்டாரம் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில்தான் அடங்கும். அப்போது ஆர்ச்பிஷப்பாக இருந்த சூசைபாக்கியமும் அந்தக் கரையின் மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர்.

அந்த ஊர்களில் கோயில்தான் தகவல் மையம், கோயில்தான் அழும் இடம். ஆலயத்தில் ஜெபமாலை ஓயவில்லை. ஆனால் ஜெபத்தோடு நிற்கவுமில்லை. விழிஞ்ஞத்துக்கு வந்த முதல்வர் பினராயி விஜயன் மீது மீனவர்கள் ஆத்திரத்தைக் கொட்டினார்கள். டிசம்பர் 7-ல் பாதிரியார்கள் முன்னிற்க ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள்.

காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு இன்னொரு சோதனை. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவரை இறந்தவராகக் கருதலாம் என்றது அப்போது அமலில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு. இரு மாநில அரசுகளும் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி நிவாரணம் கொடுக்க முன்வந்தன. சட்டம் தளர்ந்துவிட்டது. மனம்? உடல் கிடைக்காத வீட்டில் எந்த நாளை இறந்த நாளாகக் கொள்வது, எந்த நாளில் ஆன்ம சாந்திப் பூசை வைப்பது, இனி 'திரும்பி வர வேண்டும்' என்று ஜெபிப்பதா, 'இளைப்பாற்றி தாரும்' என்று ஜெபிப்பதா? ஒரு மனைவி முதல் ஜெபத்தை விட்டு இரண்டாவதற்கு மாறும் நாள் எதுவோ, அன்றுதான் அவள் கணவன் சாகிறான். அந்த நாளை அவளுக்காக எந்தப் பாதிரியாரும் குறித்துக் கொடுக்க முடியாது. பொறுமை என்ற சொல்லின் முழு எடையும் தெரிகிற இடம் இதுதான்.

கேரளத்தில் மலை ஏறி ஜெபிக்கும் வழக்கத்துக்குப் பஞ்சமில்லை. மலையாற்றூர் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டு எல்லையில் வெள்ளறடை அருகே உள்ள தெற்குக் குரிசுமலைக்கு 1957-லிருந்து தவக்கால யாத்திரை நடக்கிறது. இரண்டு மாநிலத்தவரும் ஏறுகிறார்கள், இரண்டு மொழியிலும் சிலுவைப்பாதை நடக்கிறது. அதில் 14 நிலைகள். ஒவ்வொன்றிலும் நின்று, முழங்காலிட்டு, எழுந்து நடக்க வேண்டும். மூன்று நிலைகளில் இயேசு விழுகிறார். முட்டி வலிக்கும் கிழவிகளுக்கு அந்த மூன்றும் நன்றாகப் புரிகிறது.

இதற்கு நேரெதிரான இன்னொரு வழியும் இந்த மண்ணில் உண்டு. அசையாமல் உட்கார்ந்திருப்பது. 1950-ல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள், ஷூல் மொன்ஷானெனும் ஆன்றி லெ சோவும், சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். 1958-ல் இடுக்கி வாகமண்ணில் பெல்ஜியத்துக்காரர் பிரான்சிஸ் ஆச்சார்யாவும் ஆங்கிலேயர் பீட் கிரிஃபித்ஸும் குரிசுமலை ஆசிரமத்தை அமைத்தார்கள். காவி உடை, சைவ உணவு, மௌனம், சிரியாக் மரபு வழிபாடு, கூடவே மாட்டுப் பண்ணை. பால் கறக்கும் நேரமும் ஜெப நேரமும் தவறக்கூடாது என்பது அங்கத்திய ஒழுங்கு. பீட் கிரிஃபித்ஸ் பின்னர் சாந்திவனத்துக்கு வந்து 1993-ல் மறையும் வரை காவிரிக் கரையிலேயே இருந்தார். சாந்திவனத்தைத் தேடி வெளிநாட்டினர் வந்த அளவுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் போனதில்லை. காவியும் ஓங்காரமும் அவர்களை மிரட்டியிருக்க வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் அனாதைக் குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேலைச் சேர்க்காமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. 1931-ல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. 1951 ஜனவரியில் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அறைக்குள்தான். சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் புத்தகங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் நோயாளியிடமிருந்து நோயாளிகளுக்கு என்று தானே எழுதினார். வலி நீங்க ஜெபித்தார், நீங்கவில்லை. அதை மறைக்காமல் எழுதியதுதான் அவருடைய பலம்.

ஜெபித்தால் அமைதி கிடைக்கும் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. நற்செய்திப் பெருவிழா மேடைகளில் சாட்சி சொல்ல அழைக்கப்படுகிறவர்கள் ஜெபம் கேட்கப்பட்டவர்கள் மட்டுமே. கேட்கப்படாதவர்கள் கீழே பாயில் உட்கார்ந்து 'ஆமென்' சொல்கிறார்கள். மறுநாளும் ஜெபிக்கிறார்கள். கேட்டது கிடைத்தவரின் விசுவாசத்தைவிட இவர்களுடையது உறுதியானது என்று தோன்றுகிறது.

இவர்களுக்காகவே ஒரு பாட்டு இருக்கிறது. பைபிளின் 150 சங்கீதங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். அவற்றில் பெரும்பாலானவை அழுகையில் தொடங்கி நம்பிக்கையில் முடியும். 88-வது சங்கீதம் மட்டும் அப்படி முடிவதில்லை. அதில் ஆறுதல் வாக்கு எதுவும் வராது. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல் 'இருள்'. கத்தோலிக்கத் திருச்சபை அதை ஒதுக்கிவிடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இரவு ஜெபத்துக்கென்று நியமித்திருக்கிறது. உலகெங்கும் மடங்களிலும் கன்னியர் இல்லங்களிலும் அன்றிரவு அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார்கள்.